டாக்டரின் விரலும் என் இருபத்தேழு பற்களும்

டாக்டரின் விரலை நான் கடித்தபோது பல்லுக்கு எலும்பு தட்டுப்பட்டது. வெல்லக் கட்டியைக் கடிக்கும்போது நடுவில் கல் அகப்பட்டால் எப்படி இருக்குமோ அப்படி. இருபது வருடமாக வெல்லம் கடித்தே பிழைக்கிறவன் நான். கல் அகப்பட்டால் துப்பிவிட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். துப்பவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். இனி நான் சொல்லப்போகும் அடி, உதை, ரத்தம், கத்தி எல்லாமே அந்த இன்னும் கொஞ்சத்திலிருந்து வந்தவை. இன்றைக்குத் தாடைக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தழும்போடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பல்வலிக்காரர்கள் படித்துப் புத்தி பெறட்டும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் பெயர் முனிரத்தினம். சித்தூர் வெல்ல மண்டியில் நாயுடுவிடம் வேலை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வண்டி வண்டியாக வெல்லம் வந்து இறங்கும். நான் ஒரு கட்டியின் மூலையை உடைத்து முன்பல்லில் கடிப்பேன். நாக்கால் இடது கடைவாய்க்குத் தள்ளுவேன். கண்ணை மூடுவேன். நறுக்கென்று உடைந்தால் பாகு சரியான பதத்தில் இறங்கியிருக்கிறது. சவசவவென்று இழுத்தால் அவசரப்பட்டு இறக்கிவிட்டான். மணலாக உதிர்ந்தால் சுண்ணாம்பு கூடிப்போச்சு. கண்ணைத் திறந்து நான் என்ன சொல்கிறேனோ அதுதான் தரம். சென்னை ராஜதானி உடைந்து, சித்தூர் ஆந்திர ராஜ்யத்தில் சேர்ந்து, எந்தக் கிராமம் யாருக்கு என்று தமிழ்க்காரரும் தெலுங்குக்காரரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த சமயம் அது. அந்த இரண்டு கட்சியும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே தீர்ப்பு என் கடைவாய்ப் பல்லின் தீர்ப்பு.

ஆகவே பல் போனால் எனக்கு வேலை போச்சு. கட்டிய பல்லுக்கு நறுக்குத் தெரியாது. பக்கத்து மண்டியில் இதே வேலை பார்த்தவர் ஒருவர் பல் செட் கட்டிக்கொண்டு வந்தார். முதல் நாளே ஈரவெல்லம் ஒன்றைக் கடித்தார். கட்டியைக் கையால் வெளியே இழுத்தபோது மேல்வரிசைப் பல் முழுவதும் அதோடு ஒட்டிக்கொண்டு சிரித்தது. வியாபாரிகள் விழுந்து புரண்டு சிரித்தார்கள். மனிதர் மறுநாள் மண்டிப் பக்கம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

எனக்கு வலி வந்தது இடது கீழ்க் கடைவாயில். வந்தது என்று சொல்வதே தப்பு. கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தது. முதல் நாள் காதுக்குள் ஆணி அடித்தது. இரண்டாம் நாள் அந்த ஆணியைப் பிடித்துத் திருகியது. நான் நிலைப்படியில் தலையை முட்டிக்கொண்டேன். வலி மாறவில்லை, நிலைப்படி ஆடியது. தண்ணீர்த் தவலையை உதைத்தேன், கால் கட்டைவிரல் வீங்கியது. சமாதானம் சொல்ல வந்த என் மனைவி ருக்குமணியைப் பார்த்துக் கையை ஓங்கிவிட்டேன். அவள் கையில் முறம் இருந்தது.

"கைய எறக்குய்யா. இல்லன்னா இந்த மொறத்தாலேயே உன் பல்லு அத்தினியும் கொட்ட வெச்சிருவேன். டாக்டரே தேவையில்ல."

இறக்கினேன். என் பற்கள் எல்லாவற்றையும் எடுக்கலாம் என்று முதன்முதலில் சொன்னது அவள்தான் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

அவளே இழுத்துக்கொண்டு போனாள். சித்தூர் பல் டாக்டர் தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். மணிக்கட்டு இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். அவருடைய நாற்காலி சவரக்கடை நாற்காலிக்கு அண்ணன். பக்கத்தில் காலால் மிதித்துச் சுழற்றும் துளைபோடும் இயந்திரம். அதைப் பார்த்ததுமே எனக்கு மேலெல்லாம் வியர்த்தது.

"நோரு தெரு," என்றார். வாயைத் திற என்று அர்த்தம்.

திறந்தேன். ஒரு இரும்புக் குச்சியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே வந்தார். "நொப்பியா? இங்க வலிக்குதா? இங்க?" இடது கீழ்க் கடைவாய்க்கு வந்தார். வலது கை ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஈறை அழுத்தினார்.

கண்ணில் மின்னல் வெட்டியது. கடித்துவிட்டேன்.

அலறியது நான் என்று முதலில் நினைத்தேன். என் வாய்தான் அடைத்திருந்ததே. அலறியது டாக்டர். இடது கையால் என் மூக்கை இறுகப் பிடித்தார், மூச்சுக்கு வாயைத் திறப்பேன் என்று. கம்பவுண்டர் பின்னாலிருந்து என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். ருக்குமணி என் முதுகில் குத்தினாள். "வுடுய்யா! வுடுய்யா! அது வெல்லம் இல்லய்யா!"

விட்டேன். என் உதட்டில் ரத்தம். எனக்குச் சொந்தமில்லாத ரத்தம். டாக்டர் விரலைக் கழுவினார், மருந்து வைத்துக் கட்டினார். பிறகு கண்ணாடியை மட்டும் இடது கையில் பிடித்துக்கொண்டு, எட்ட நின்றே என் வாய்க்குள் வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"அன்னி தீஸெய்யாலி. எல்லாத்தையும் எடுத்துடணும். இருபத்தேழு இருக்குது. இருபத்தேழும்."

வியாதிக்குப் பெயர் பயோரியாவாம். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் பை மாதிரி இடைவெளி விழுந்து, அதில் சீழ் கட்டி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடுமாம். அதற்கு மேலும் ஏதேதோ சொன்னார். என் காதில் இருபத்தேழைத் தாண்டி ஒரு எழுத்தும் ஏறவில்லை. கட்டுப் போட்ட வலது கையால் எழுத முடியாமல், இடது கையால் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். இங்கிலீஷ். கோழி சேற்றில் நடந்தது மாதிரி இருந்தது. நாயுடு மண்டியில் இங்கிலீஷ் படித்த குமாஸ்தாவிடம் காட்டியதற்கு, "இது இன்னா பாசைன்னே தெரியலியே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாங்கள் வெளியே வரும்போது டாக்டர் வாசல்வரை வந்து ஏதோ கத்தினார். திட்டுகிறார் என்று நினைத்து வேகமாக நடந்தேன்.

இப்போது என் கஷ்டத்தைப் பாருங்கள். கடிப்பதற்கு முன்னால் அவர் இருபத்தேழு என்று சொல்லியிருந்தால் அது வைத்தியம். கடித்த பிறகு சொன்னார். இது வைத்தியமா, பழியா? வாய்க்காகச் சொன்னாரா, விரலுக்காகச் சொன்னாரா? இந்தக் கேள்வி வலியோடு சேர்ந்து தாடையில் குடியேறிவிட்டது.

சாயங்காலம் நகரியிலிருந்து மைத்துனன் கோவிந்தன் வந்தான். ருக்குமணியின் தம்பி. தறி ஓட்டுகிறவன். தறி ஓடாத நேரத்தில் எல்லைத் தகராறு ஓட்டுகிறவன். ஊர்ப்பெயர்ப் பலகைகளில் தெலுங்கு எழுத்துக்குத் தார் பூசிப் பூசி விரல் நகமெல்லாம் கறுத்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் துள்ளினான்.

"மாமா, உனக்கு இன்னுமா புரியல? ஊர எடுத்துக்கினாங்க, கோர்ட்ட எடுத்துக்கினாங்க, இப்ப பல்லையும் கேக்கறான். தமிழன் வாயில ஒரு பல்லு இருக்கக் கூடாதுன்றான்."

"டேய், ஒங்க மாமா அந்த ஆளு வெரல கடிச்சிட்டாருடா," என்றாள் ருக்குமணி.

"கடிச்சாரா? எந்த வெரலு?" அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் சொல்லி முடியாது. "சபாசு மாமா!"

மறுநாள் காலை அவன் ஒரு உருட்டுக்கட்டையோடு புறப்பட்டான். தடுக்கத்தான் நான் கூடப் போனேன். சத்தியமாகத் தடுக்கத்தான். சரி, பாதி தடுக்க, பாதி பார்க்க.

டாக்டர் வீட்டு முன்னறையில் ஆறு பேர் துணியால் தாடையைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தன் நுழைந்ததும் கட்டையால் மேசையில் ஒரு அடி. மருந்துப் புட்டிகள் குதித்தன. "எங்கடா அந்தப் பல்லு புடுங்கி?" கம்பவுண்டர் யோசிக்கவே இல்லை. கையில் இருந்த எச்சில் கோப்பையை அப்படியே வீசினான். அது கோவிந்தன் நெற்றியில் விளிம்போடு பட்டது. ரத்தம் மூக்கு வழியாக மீசைக்கு இறங்கியது. கோவிந்தன் பெஞ்சைத் தூக்கிக் கவிழ்த்தான், ஆறு நோயாளிகளும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். விழுந்தவர்களில் ஒரு கிழவர் எழுந்து, யார் எவரென்று பார்க்காமல் எனக்கு ஒரு அறை கொடுத்தார். வீங்கிய பக்கம். நான் அவர் துண்டைப் பிடித்து இறுக்கினேன். உள்ளேயிருந்து டாக்டர் வந்தார், இடது கையில் பல் பிடுங்கும் குறட்டோடு. "ரா! வாடா! உன்னது எத்தினின்னு இப்பவே எண்ணிடறேன்!"

குறடு கோவிந்தன் முகத்தை நோக்கிப் போவதைப் பார்த்தேன். கவிழ்ந்த பெஞ்சின் மேல் ஏறிக் கத்தினேன்.

"காணிப்பாக்கம் வரியா? கோவத்துல சொல்லலன்னு பிள்ளையார் முன்னாடி சத்தியம் பண்ணுவியா?"

அறை அடங்கிவிட்டது. குறடு அப்படியே நின்றது. எங்கள் பக்கத்தில் கோர்ட்டுக்கு மேலே ஒரு கோர்ட் காணிப்பாக்கம். வழக்கு முற்றினால் இருவரும் அங்கே போக வேண்டும். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சத்தியம் சொல்ல வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது. ஜட்ஜ் முன்னால் கூசாமல் புளுகுகிறவன்கூட அந்தக் குளத்துத் தண்ணீரைப் பார்த்ததும், ஆமாம், வரப்புக் கல்லை நகர்த்தியது நான்தான் என்று ஒப்புக்கொண்டுவிடுவான். பல் வைத்தியத்துக்கு யாரும் அதுவரை டாக்டரைச் சத்தியத்துக்குக் கூப்பிட்டதில்லை. அந்தப் பெருமை எனக்குத்தான்.

டாக்டர் குறட்டை இறக்கினார். முகம் சிவந்திருந்தது.

"வரேன். எந்தக் கிழமைன்னாலும் வரேன். ஆனா மொதல்ல நீ முழுகு. வேணும்னு கடிக்கலன்னு நீ சத்தியம் பண்ணு. அதுக்கு அப்பால நான் பண்றேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரத்தம் வழியக் கோவிந்தனும் பார்த்தான். அந்த இன்னும் கொஞ்சம் என் பல்லில் அப்படியே இருந்தது.

"எனக்கு ஜொரமா கீது," என்றேன். "தல முழுகக் கூடாது."

ஆறு தாடைக்கட்டுகளும் ஒரே சமயத்தில் சிரித்தன. சிரித்ததில் வலி வந்து, ஆறும் முனகின. நான் கோவிந்தனை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சத்தியம் செய்ய வழியில்லை. இனி இன்னொரு டாக்டர்தான். திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், தமிழ்க்காரர், நம்பிப் போகலாம் என்று கோவிந்தன் அடித்துச் சொன்னான். அதற்குள் என் தாடை வீங்கி, கழுத்தும் முகமும் ஒன்றாகிவிட்டன. எச்சில் விழுங்கினால் கண்ணாடித் துண்டை விழுங்குவது போல இருந்தது. பஸ்ஸில் தலைக்கட்டோடு அவனும் தாடைக்கட்டோடு நானும் ஏறியதைப் பார்த்து, எல்லைச் சண்டையில் அடிபட்டவர்கள் என்று நினைத்து ஜனங்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். முன்சீட்டுக்காரர் ஒருவர் மெல்லத் திரும்பி, "நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டார்.

"பல்லுக் கட்சி," என்றாள் ருக்குமணி. "இன்னொரு வார்த்த கேட்டீன்னா கடிச்சிருவாரு." அவர் திருப்பதி வரைக்கும் திரும்பவில்லை.

திருப்பதி டாக்டர் நெல்லூர்ப் பக்கத்துக்காரர். நாங்கள் பேசும் தமிழ் புரியும், பதில் தெலுங்கில்தான் வரும். கோவிந்தன் ருக்குமணி காதில், "இவனும் தெலுங்காக்கா?" என்றான். அவள் பார்த்த பார்வையில் சுவரோடு ஒட்டிக்கொண்டான். டாக்டர் மெலிந்த மனிதர், குரலும் மெலிந்தது. ஆனால் என் வாய்ப் பக்கம் அவர் கையைக் கொண்டுவந்ததும் ருக்குமணி குறுக்கே பாய்ந்தாள்.

"சாமி, பாத்து. இவரு கடிப்பாரு."

என்னை வளர்ப்பு நாய் மாதிரி அறிமுகம் செய்துவைத்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. வலது கடைவாயில் ஒரு மரக்கட்டையை வைத்து வாயைத் திறந்தபடியே நிறுத்திவிட்டுத்தான் கையை உள்ளே விட்டார். பிறகு எக்ஸ்ரே. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய படத்தகடு ஒன்றைப் பல்லுக்கு உள்பக்கம் வைத்து, வெளியிலிருந்து இயந்திரத்தைக் காட்டினார்கள். அப்படிப் பல தடவை, வாய் முழுவதற்கும். பிறகு தாழ்வாரத்தில் உட்கார்ந்து காத்திருந்தோம். கோர்ட்டில் கொலைக்குற்றத் தீர்ப்புக்குக் காத்திருக்கிறவன் என்னைவிட நிம்மதியாக இருந்திருப்பான். அவனுக்குத் தொங்கப்போவது ஒரு தலை. எனக்கு இருபத்தேழு.

டாக்டர் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேருக்குக் கீழே ஒரு கறுப்புப் பை. சீழ் எலும்பைத் தின்ற இடம் அது. பக்கத்துப் பற்கள் இரண்டுக்கும் பிடிமானம் போய்விட்டது. மேலே ஒன்று வேரோடு சொத்தை. ஆக நான்கு. மற்ற இருபத்து மூன்றுக்கும் ஈறைச் சுரண்டிச் சுத்தம் செய்து, உப்புத் தண்ணீர் கொப்பளித்து, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல வருடங்கள் நிற்கும் என்றார்.

இருபத்து மூன்று! நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். குனிந்ததும் வலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஆனால் ஏன் இத்தனை நாள் விட்டீர்கள்?" என்று கேட்டார். "முதலில் பார்த்த டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையா?"

ருக்குமணி முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தக் கோழிக்கால் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகத் தெலுங்கில் சொன்னார். இடது கீழ்க் கடைவாய்ப் பல்லை இன்றைக்கே எடுக்க வேண்டும். சீழ் கழுத்துப் பக்கம் இறங்குகிறது. தாமதித்தால் மூச்சுக்கு ஆபத்து. மற்றவற்றைப் பிறகு எடுக்கலாம், எல்லாமே போக வேண்டியவை என்பது என் அபிப்பிராயம். இன்றைக்கே என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாராம்.

வாசலில் நின்று சித்தூர் டாக்டர் கத்தியதும் அதுதான். திட்டு இல்லை. அவர் சரியாக எழுத முடியாமல் போனதற்கு யார் காரணம்? எழுதுகிற விரலைக் கடித்தவன் காரணம். ருக்குமணி என் முதுகில் ஒரு அடி வைத்தாள். பிறகு அந்த முதுகிலேயே முகத்தை வைத்து அழுதாள். "செத்துப் போயிருப்பியேய்யா. பல்லு பல்லுன்னு செத்தே போயிருப்பியேய்யா."

அன்றைக்கே என்னைப் படுக்கையில் சேர்த்தார்கள். அன்றைக்கே பிடுங்கினார்கள். மரத்துப்போக ஊசி போட்டார்கள். சீழ் கட்டிய இடத்தில் அந்த ஊசி மருந்து சரியாகப் பிடிக்காது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், நேர்மையான மனிதர். மேல் பல் சுலபமாக வந்தது. கீழே கை வைத்ததும் நான் உதைத்தேன். கருவித்தட்டு சுவரில் மோதி விழுந்தது. இரண்டு ஆட்கள் என் தோளை அழுத்தினார்கள். மூன்றாவதாக என் மார்பின்மேல் ஏறி உட்கார்ந்தது கோவிந்தன்.

"மன்னிச்சிக்க மாமா," என்று சொல்லிக்கொண்டே என் கைகளை முழங்காலால் அழுத்தினான். "திட்டிக்கோ, நல்லா திட்டிக்கோ. ஆனா அசையாத."

மரக்கட்டையைக் கடித்தேன். அது பிளந்தது. டாக்டர் குறட்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். தாடை முழுவதும் கூடவே ஆடியது. மண்டைக்குள் யாரோ மரத்தை வேரோடு சாய்க்கிற மாதிரி. பிறகு ஒரு சத்தம். நறுக். அந்த நிலையிலும் என் தொழில் புத்தி கண்ணை மூடிக்கொண்டு சொன்னது: முதல் தரம்.

பல் போயிற்று, சீழ் வரவில்லை. மறுநாள் மத்தியானம் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. நாக்கு மேலே எழும்பி அண்ணத்தைத் தொட்டது. மூச்சு, புல்லாங்குழல் ஓட்டையில் காற்றுப் போவது மாதிரி சீறியது. சீழ் நாக்குக்கு அடியில் இறங்கிக் கழுத்தை அடைக்கப் பார்க்கிறது, வெளியிலிருந்து அறுத்து வழி விட வேண்டும் என்றார் டாக்டர். சர்ஜன் ஒருவர் வந்தார். தாடைக்குக் கீழே கத்தி வைத்தார். மரப்பு மருந்து ஓரளவுக்குத்தான். கத்தி போவது தெரிந்தது, விரலை உள்ளே விட்டுக் கிளறுவதும் தெரிந்தது. சீழ் பீறிட்டு அவர் மேலங்கியில் அடித்தது. நாற்றத்தில் கோவிந்தன் மயங்கி விழுந்தான். ஆட்களை அடித்துப் போடுகிற வீரன், மாமன் கழுத்துச் சீழுக்குத் தாங்கவில்லை. காயத்தில் ஒரு ரப்பர்க் குழாயைச் செருகிவிட்டார்கள், மிச்சமும் வடிந்து போக. மூன்று மணிக்கு ஒரு தரம் பென்சிலின் ஊசி. என் இடுப்பு சல்லடையாகிவிட்டது.

அந்த நாட்களில் என்னால் பேச முடியாது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவராலும் பேச முடியாது. அவர் புத்தூர்க்காரர், தெலுங்குக்காரர். எல்லைத் தகராறுக் கூட்டம் ஒன்றில் எங்கிருந்தோ வந்த செங்கல் அவர் தாடையை உடைத்துவிட்டது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள், எலும்பு கூடும்வரை வாய் அசையாமல் இருக்க. ஊர் உலகமெல்லாம் எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக்கொள்ள புத்தூருக்குப் போகிறது. புத்தூர்க்காரர் இங்கே வந்து கிடக்கிறார். தாடைக்கு மூங்கில் வைத்துக் கட்ட முடியாதே.

எங்கே, எந்தத் தேதியில் அடிபட்டார் என்று எழுதி அவர் கட்டிலில் தொங்கவிட்டிருந்த சீட்டைக் கோவிந்தன் ஒருநாள் பார்த்தான். அதற்குப் பிறகு சுரத்தே இல்லை.

"இன்னாடா?" என்று கேட்டாள் ருக்குமணி.

"அந்தக் கூட்டத்துல நானும் இருந்தேங்கா. செங்கல்லு எம்மாந்தூரம் போவும்னு பாத்து அடிக்கலக்கா நானு."

அவள் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையை அவன் கையில் கொடுத்தாள். அவள் துணியில் வடிகட்டிக் கொண்டுவரும் கேழ்வரகுக் கூழை அவன்தான் எனக்குப் புகட்டிக்கொண்டிருந்தான், தார் நகங்கள் கன்னத்தில் உரச. அன்றிலிருந்து இரண்டு கட்டிலுக்கும் புகட்டினான். புத்தூர்க்காரருக்குப் பல் கம்பிக்குப் பக்கத்தில் ஓர் இடைவெளி, அதில் சொட்டுச் சொட்டாக. தெலுங்கில் "சரேனா? சரேனா?" என்று கேட்டுக்கொண்டே. தெலுங்கு அவனுக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

குழாயை எடுத்த அன்று நாயுடு வந்தார். "முனிரத்னம், நீ இல்லாம மண்டியில ஆளாளுக்கு நக்கிப் பாக்கறாங்கய்யா. பாக்க அசிங்கமா கீது. சண்டையும் அடங்கல. நேத்து ரெண்டு பேரு வெல்லத்தாலயே அடிச்சிக்கினாங்க. எத்தினி பல்லு பாக்கி?" இருபத்து மூன்று என்று விரலால் காட்டினேன். "இடது பக்கம் போச்சுன்னா வலது பக்கம் பழகு. வேல உன்துதான்." கிளம்பும்போது திரும்பினார். "ஆங், மறந்தே பூட்டேன். சித்தூர் டாக்டர் சொல்லி அனுப்பினாரு. போலீசுக்கெல்லாம் போவலியாம். காணிப்பாக்கம் எப்ப வர்றேன்னு கேக்கறாரு."

ஊசியெல்லாம் சேர்ந்து குத்தாத குத்து அது.

வீட்டுக்கு வந்து, உடம்பு தேறி, டாக்டருக்கு நாள் சொல்லி அனுப்பிவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காணிப்பாக்கம் போனேன். ருக்குமணி மாற்று வேட்டியும் துண்டும் மடித்துக் கொடுத்து அனுப்பினாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். வலியில் கடித்தேன், வேணும்னு இல்லை. வலியில் கடித்தேன், வேணும்னு இல்லை. முதல் பாதி நன்றாக வந்தது.

டாக்டர் குளத்துப் படியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்திலும் மடித்த வேட்டி ஒன்று. என் தழும்பைப் பார்த்தார். நான் அவர் விரலைப் பார்த்தேன். கட்டு இல்லை. இரண்டு பக்கமும் அரை நிலா மாதிரி அடையாளம். என் பல் வரிசையை நான் அதற்கு முன் அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

"எத்தினி எடுத்தாங்க?"

"நாலு."

"நாலேதானா?" படியில் கீழே பார்த்தார். "இடது கீழ்க் கடைவாய்?"

"அதுதாங்க மொதல்ல. நீங்க எழுதினது நெஜம். உயிருக்கே வந்துருச்சு."

"ம்." அவர் எழுந்து இரண்டு படி இறங்கினார். தண்ணீரில் கால் கட்டைவிரலை வைத்தார். அங்கேயே நின்றார். நான் ஒரு படி இறங்கினேன். நானும் நின்றேன். முழுக வேண்டியது முதலில் நான்தான் என்று அவர் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. பக்கத்தில் எவனோ ஒருவன் முழுகி எழுந்து, ஈரம் சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் போனான். அவன் முகத்தை நாங்கள் இருவருமே பார்த்தோம்.

"தண்ணி சில்லுனு கீது," என்றார் டாக்டர்.

"எனக்கும் ஜொரம் வந்து எழுந்த ஒடம்புங்க."

அவர் கட்டைவிரலை வெளியே எடுத்துத் துண்டால் துடைத்துக்கொண்டார். இருபத்தேழில் எத்தனை வாய்க்கு, எத்தனை விரலுக்கு என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. தெரிந்திருந்தால் முழுகியிருப்பார். நானும் அப்படித்தான். இரண்டு பேரும் காய்ந்த வேட்டியோடு மேல்படிக்கு ஏறி உட்கார்ந்தோம்.

சிறிது நேரம் கழித்து அவர் என் பக்கம் திரும்பினார். "நோரு தெரு."

"இங்கியா?"

"ஆஸ்பத்திரிக்காரன் எப்படிச் சுத்தம் பண்ணான்னு பாக்கறேன். தெரு."

திறந்தேன். மரக்கட்டை இல்லை, கண்ணாடி இல்லை, என் மயிரைப் பிடிக்கக் கம்பவுண்டர் இல்லை. அவர் அந்தத் தழும்பு விரலையே உள்ளே விட்டார். வலது பக்கம் தொடங்கி ஒவ்வொரு பல்லாக அசைத்துப் பார்த்துக்கொண்டே தெலுங்கில் எண்ணினார். இடது பக்கம் புண் ஆறின ஈறை அழுத்தினார். கண்ணில் தண்ணீர் வந்தது. எண்ணி முடித்தார். இருபத்து மூன்று. ஒன்றும் ஆடவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். விரலை வெளியே எடுத்துத் துண்டில் துடைத்தார்.

நான் கடிக்கவில்லை. அதற்கு வேண்டுமானால் எந்தக் குளத்திலும் முழுகுகிறேன்.